ஜப்பான்காரருக்குப் போட்ட விண்ணப்பங்கள்

"வராத" என்றார் சாலமோன். அந்த ஒரு வார்த்தைக்கே நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு வாங்க வேண்டியிருந்தது மனுஷனுக்கு. அப்புறம் ஊன்றுகோலைத் தூக்கி பால்கனியைக் காட்டி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அங்கே நின்று எட்டிப் பார்க்கவும் கூடாதாம். சரி சாமி, பார்க்கல, பத்திரமா போய்ட்டு வாங்க என்று கும்பிடு போட்டு அனுப்பிவிட்டு, அடுப்படித் தரையில் வந்து உட்கார்ந்து தேவகிருபை பூண்டு உரிக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்கு எட்டுப் பல் போதும். அவள் முழுசாக நாலு பூண்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி வீடு, கீழே போக ஐம்பத்து நாலு படி. டொக் என்று கோல், அப்புறம் இடது கால், அப்புறம் வலது காலின் சர்ரென்ற இழுப்பு, இப்படி முப்பத்தொன்று வரை காது எண்ணியது. அதற்குள் கீழ்வீட்டில் குக்கர் கத்தித் தொலைத்தது. அது ஓய்ந்தபோது படியில் சத்தமே இல்லை. இறங்கிவிட்டாரா, நின்றுவிட்டாரா, உட்கார்ந்துவிட்டாரா? விழுந்திருந்தால் கோல் உருளுகிற சத்தம் கேட்டிருக்கும், கோல் பித்தளைப் பூண் போட்டது, சத்தம் போடாமல் உருளாது. சத்தமில்லை என்றால் விழவில்லை. பூண்டுத் தோல் விரலில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. ஒன்பது மாதம் கழித்து தன் காலில் தானே டீக்கடைக்குப் போகிறார், அதுவும் அந்தப் பழைய மஞ்சள் ஜெர்சியை இடது கையாலேயே கால் மணி நேரம் மல்லுக்கட்டி மாட்டிக்கொண்டு. ஸ்தோத்திரம் சொல்ல வேண்டிய நேரம். அவளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஒவ்வொரு ஸ்தோத்திரத்துக்கும் பின்னாலேயே, யாரும் அவரிடம் போனை நீட்டிவிடக் கூடாதே என்ற பயமும் ஒட்டிக்கொண்டு வந்தது.

டீக்கடை என்றால் ஜமால் பாய் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரவுண்டில் ஆடி முடித்த பழைய ஆட்டக்காரர்கள் எல்லாம் அங்கேதான் கால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். சாலமோனுக்கு அந்தக் கூட்டத்தில் கேட்டு சாலமோன் என்று பேர். ஃபுட்பாலில் ஸ்டாப்பர் ஆடுவார், அவரைத் தாண்டிப் பந்து போகாது, பூட்டிய கேட்டு மாதிரி நிற்பார். லாரி ஷெட்டில் மூட்டை தூக்கின உடம்பு வேறு. அந்த உடம்புதான் போன செப்டம்பரில் ஒரு மத்தியானம் சோற்றுத் தட்டு மேலேயே சாய்ந்தது. வலது கை போச்சு, வலது கால் போச்சு, பேச்சு போச்சு. பத்தாம் நாள் திரும்பி வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா, கிரவுண்டில் ரெஃப்ரியைப் பார்த்துச் சொல்கிற கெட்ட வார்த்தை. வார்டே திரும்பிப் பார்த்தது. அல்லேலூயா என்று கத்தினாள் தேவகிருபை. நர்சம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அதோடு சரி. வீட்டுக்கு வந்தபின் மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். பிசியோ பையன் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். பந்தாடின காலை இன்னொருத்தன் தூக்கித் தூக்கி வைக்கிறானே என்ற ரோஷம். ரோஷத்தைக் கரைத்துக் குடித்தால் கால் வருமா? அப்போதுதான் ஓசூரிலிருந்து மகள் பிரிசில்லா ஒரு வீடியோவை அனுப்பினாள். அம்மா, அப்பாவுக்கு இதைக் காட்டு, இவரும் ஸ்டாப்பராம், இவருக்கும் வலது பக்கமாம் என்று.

உராகாவா தெய்ஜி என்று பேர். அந்தப் பேர் வாயில் நுழைய தேவகிருபைக்கு ஒரு வாரம் ஆயிற்று, அதற்குள் ஜப்பான்காரர் என்றே பழகிவிட்டது. அறுபத்தோரு வயசு. ஏதோ ஒரு சின்ன ஊரில் ஒரு கம்பெனி டீமுக்கு ஆடி, ரிட்டயர் ஆகி, ஊர் மறந்துபோன ஆள். வாதம் வந்தபின் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்தரையில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு நிற்பார். மகள் படம் எடுப்பாள். முதல் வீடியோவில் அந்தப் பந்தை ஒரு சாண் நகர்த்த அவருக்கு நாலு நிமிஷம் பிடித்தது, நகர்ந்ததும் குனிந்து காலைப் பார்த்து நன்றி சொன்னார். அவ்வளவுதான் வீடியோ. ஆடுகிற காலத்தில் ஸ்டேடியத்தில் முன்னூறு பேர் பார்த்தவரை இப்போது நாற்பது லட்சம் பேர் பார்க்கிறார்கள், எந்த எந்த தேசத்துக்காரர்களோ கீழே கொடி கொடியாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். என்னத்தைப் பார்க்கிறார்கள்? பாட்டு இல்லை, கூத்து இல்லை, ஒரு கிழவர் தன் காலிடம் தயவுசெய்து என்கிறார், அது அசைந்ததும் நன்றி என்கிறார். கீழே ஓடுகிற அரைகுறைத் தமிழ் எழுத்தில் அது "அன்புள்ள காலே, நீங்கள் உழைத்தீர்கள்" என்று வந்ததைப் பார்த்து சாலமோனுக்குச் சிரிப்பு. செப்டம்பருக்கப்புறம் அதுதான் முதல் சிரிப்பு, வாய் ஒரு பக்கமாகத்தான் போயிற்று, போனால் என்ன. அந்தச் சிரிப்புக்காகவே தேவகிருபை தினம் காலை ஏழு மணிக்கு வருகிற புது வீடியோவைப் போட்டுவிட்டாள். அவர் எதுவும் செய்ய மாட்டார். சும்மா பார்ப்பார். ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பாமல் பார்ப்பார். அதுவே பெரிசு. அதற்கே அந்த ஜப்பான்காரரின் கால் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிடலாம்.

கும்பிடுவதோடு நிறுத்தியிருக்கலாம். அங்கேதான் கிறுக்கச்சி கோட்டை விட்டாள். சர்ச்சில் வாசல் பக்கத்தில் ஜெப விண்ணப்பப் பெட்டி இருக்கிறது. மனசில் இருப்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துப் போட்டால் போதகர் எடுத்து வாசித்து ஜெபம் பண்ணுவார், வெளியே மூச்சு விட மாட்டார். குடிகாரப் புருஷன், ஓடிப்போன மகள், கட்டி, பில்லி, எல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரியும். வீடியோவுக்குக் கீழே எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்ததைப் பார்த்தாளா, இதுவும் ஒரு பெட்டி என்றே நினைத்தாள். ஜப்பான்காரர் எடுத்து வாசிப்பார், மனசுக்குள் வைத்துக்கொள்வார். பிரிசி பேர் பதிந்து கொடுத்திருந்தாள், கிருபா வியாசர்பாடி என்று. நவம்பரிலிருந்து தினம் ஒரு சீட்டு. மாதவரத்தில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை அவளுக்கு. சாப்பாட்டு மணி அடித்ததும் மிஷினை நிறுத்திவிட்டு, தோல் பசை நாறுகிற விரலால் எழுதுவாள். அய்யா, இன்னிக்கு ஸ்பூன் பிடிச்சார். அய்யா, இன்னிக்கு என் மேல கோவப்பட்டு டம்ளரை வீசினார், வீசினது வலது கை, சந்தோஷமா இருக்கு. அய்யா, இன்னிக்கு பாத்ரூமுக்குப் போற வழியிலயே ஆயிடுச்சி, அழுதார். தமிழில் எழுதினால் ஜப்பான்காரருக்கு எப்படிப் புரியும் என்று ஒருநாள் கூடத் தோன்றவில்லை. கடவுளுக்குப் புரியும்போது இவருக்கு மட்டும் புரியாமல் போகுமா? புரிந்ததற்கு அத்தாட்சியும் இருந்தது. எழுதின ஒவ்வொன்றுக்கும் கீழே, சாயங்காலத்துக்குள், அந்தக் கட்டைவிரல் படத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்று ஒரு எண் வந்துவிடும். ஒன்றுதான், இரண்டு இல்லை. லட்சம் பேர் வந்துபோகிற இடத்தில் தனக்கென்று ஒரே ஒரு விரல். நாம் அழுத்தினால் நம் போனில் மட்டும் அந்த விரல் கறுப்பாக நிரம்பும், மற்றவர்கள் போனில் எண் மட்டும்தான் ஏறும், யார் அழுத்தினார்கள் என்று தெரியாது என்று பிரிசி சொல்லியிருந்தாள். தெரியாவிட்டால் என்ன, தேவகிருபைக்குத் தெரியுமே. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரும்போது அந்த ஒன்றைத் திறந்து பார்ப்பாள். ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஒன்றால்தான் இந்த ஏழு மாதம் ஓடிற்று. அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழாமல், சமைத்து, துடைத்து, தைத்து, எழுந்து நடந்தது எல்லாம் அதன் மேல் நின்றுதான்.

இரண்டாவது பூண்டு முடிந்தது. மணி ஒன்பதே முக்கால். டீக்கடை இருநூறு தப்படி, போய்ச் சேர்ந்திருப்பார். சேர்ந்திருந்தால், காட்டியிருப்பார்கள். இன்று காலை ஏழு மணிக்கு வீடியோ வரவில்லை. எட்டரைக்குத்தான் வந்தது, சாலமோன் குளித்துக்கொண்டிருந்தபோது. ஒண்டியாகத்தான் பார்த்தாள். ஜப்பான்காரர் பந்தைத் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு கத்தைக் காகிதத்தை வைத்திருந்தார். காகிதத்தில் தமிழ் எழுத்து. அவளுடைய எழுத்து! கிருபா வியாசர்பாடி என்று தலைப்பில், கொட்டை கொட்டையாக. அவர் பேசினார், கீழே அரைகுறைத் தமிழ் ஓடியது. எனக்குப் போன் பழக்கமில்லை, ஒருபோதும் அதைத் தொட்டதில்லை, என் விரல்கள் தடிமனானவை. இந்த வட்டமான எழுத்துக்களில் ஒருவர் தினமும் எழுதுவதை என் மகள் இந்த வாரம்தான் கவனித்து, மொழிபெயர்த்து அச்சடித்துத் தந்தாள். இருநூறு கடிதங்கள். தூரத்தில் எனக்கு ஒரு டீம்மேட் இருக்கிறார் என்று தெரியாமல் போயிற்று. இப்படிச் சொல்லிவிட்டு, அந்தப் பெரிய மனுஷன் கோலை ஊன்றி எழுந்து, காமிராவைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார். குனிந்தவர் சீக்கிரம் நிமிரவில்லை. தேவகிருபைக்குக் கண்ணில் தண்ணீர் தாரையாக ஊற்றிற்று, போதும் அய்யா, நிமிருங்க அய்யா, உங்களுக்கு மயக்கம் வந்துடும் என்று போனைப் பார்த்தே சொன்னாள். அதே நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு முதல் மாடிச் செல்லக்கிளி, "யக்கா! இன்னாக்கா, நீ ஜப்பான்ல வந்துக்கினு கீற! பசங்க எல்லாம் உன் பேரைத் தட்டித் தட்டிப் பாக்குறானுங்கக்கா, நீ எழுதுனது அத்தினியும் வருது!" என்றாள். எழுதினது அத்தனையுமா? எல்லாருக்குமா? அப்படியானால் அது பெட்டி இல்லையா? "எல்லாருக்குந்தான்கா, நடுரோட்டுல மைக் வெச்ச மாதிரி" என்று விளக்கிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? டம்ளர், பாத்ரூம், டயப்பர், எல்லாம் போகட்டும். கேட்டு சாலமோனின் பெண்டாட்டி வாய் நீளம் என்று நாலு நாள் பேசி விட்டுவிடுவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை இருக்கிறதே, அதை என்ன செய்வது? சாலமோனிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஜெர்சியை மாட்டிக்கொண்டு, தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். வாயை மூடிக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜனவரியில். பெரியாஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் மூன்று மணி நேரம் நின்றார்கள், வரிசையிலேயே அவருக்கு வயிறு போய்விட்டது. குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போய் வேட்டியை அவிழ்த்துக் கழுவினாள், போகிறவன் வருகிறவன் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தான். கழுவி நிமிர்ந்தபோது இடது கையால் ஓங்கி ஒரு அறை விட்டார். அவள் மேல் கோபம் இல்லை, தெரியும், தெரிந்தால் மட்டும் வலிக்காதா? திரும்பி வந்து அவரை வரிசையில் உட்காரவைத்துவிட்டு, தூணுக்குப் பின்னால் நின்று எழுதினாள். அய்யா, அன்னிக்கே இவர் போய்ச் சேர்ந்திருந்தா அவருக்கும் நிம்மதி எனக்கும் நிம்மதின்னு நெனச்சேன். நான் பாவி. யார்கிட்டயும் சொல்ல முடியாது, உங்ககிட்ட சொல்றேன். இருபத்தாறு வருஷம் ஒரே தட்டில் தின்ற புருஷன். அன்று சாயங்காலம் வரை அந்த எண் வரவில்லை. சரி, ஜப்பான்காரருக்கே வெறுத்துப்போயிற்று, கை விட்டுவிட்டார் என்று தலையணை நனைய அழுதாள். மறுநாள் காலை எழுந்து பார்த்தால், ஒன்று. சொன்னதைக் கேட்டும் ஒரு மனுஷன் விரல் வைத்திருக்கிறார்! மன்னிச்சாச்சு போ என்று தலையில் கை வைத்த மாதிரி இருந்தது. அந்தப் புதன்கிழமைதான், ஜப்பான்காரர் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தபோது, சாலமோன் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டி "பந்து" என்றார். ஜப்பான்காரர் வீட்டுக்கே வந்து அவரைத் தூக்கி நிறுத்தினதாகத்தான் அவள் நம்பினாள். அப்படி நம்பித்தான் மாதாமாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் மாதா கோவிலுக்கும் போய் (அவள் சர்ச் வேறு, இருந்தாலும் மாதா கோவித்துக்கொள்ள மாட்டாள்) அந்த மனுஷன் பேரில் ஒரு மெழுகுத்திரி ஏற்றினாள். இப்போது அவரே சொல்கிறார், நான் போனைத் தொட்டதே இல்லை என்று. அப்படியானால் அந்த விரல் யாருடையது? ஏழு மாதம், தினமும், தவறாமல், யார்?

போனை எடுத்தாள். பூண்டுக் கையால் கண்ணாடி பிசுபிசுத்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தேடி எடுத்தாள், அப்படியே இருந்தது, பக்கத்தில் அந்த ஒன்று. எண் ஏறவில்லை, பசங்க கண்ணில் இன்னும் படவில்லை போல. மூன்று புள்ளியை அழுத்தினால் அழித்துவிடலாம் என்று பிரிசி ஒருமுறை காட்டியிருக்கிறாள். அழுத்தினாள். நீக்கவா என்று கேட்டது. நீக்கினால் அந்த ஒன்றும் சேர்ந்து போய்விடும். உலகத்தில் அவளுடைய மிக அசிங்கமான நினைப்பைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாத ஒரு ஆள், பேர் தெரியாத ஆள், அவர் கையை எப்படித் தட்டிவிடுவது? ஆனால் சாலமோன் படித்துவிட்டால்? இப்போதுதான் ஒரு காலை எடுத்து வைக்கிற மனுஷனிடம் போய், நீ செத்திருக்கலாம் என்று உன் பெண்டாட்டி நினைத்தாள் என்று எழுத்தில் காட்டினால்? அந்தக் கால் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பாதா? அழித்துவிடு கிருபை. வேண்டாம். அழித்துவிடு. டீக்கடைப் பக்கமிருந்து ஓவென்று ஒரு சத்தம் கிளம்பிற்று. கோல் விழுந்தால் போடுகிற சத்தமா, ஆள் விழுந்தால் போடுகிற சத்தமா? எழுந்து பால்கனி வரை ஓடிவிட்டாள். துணி காயப்போடுகிற கொடியைப் பிடித்தபடி, நிலையைத் தாண்டாமல் நின்றாள். பார்க்க மாட்டேன் என்று சொல்லியாயிற்று. சத்தத்துக்கு நடுவில் விசில் கேட்டது. விழுந்தவனுக்கு யாரும் விசில் அடிக்க மாட்டார்கள். நன்றி ஆண்டவரே. ஜப்பான் அய்யா, உங்களுக்கும் நன்றி. அந்த விரல் யாரோ, அது நல்லா இருக்கணும், அதுக்கும் நன்றி. கோபத்தோட வரட்டும், கை ஓங்கிக்கொண்டு வரட்டும், காலோட வந்தால் போதும். திரும்பி வந்து உட்கார்ந்தாள், நீக்கவா என்று போன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று அழுத்தினாள். மூன்றாவது பூண்டை எடுத்தாள்.

அது பாதியில் இருக்கும்போது படியில் டொக் என்றது. எண்ண ஆரம்பித்தாள். பதினெட்டில் ஒரு நிறுத்தம், முதல் மாடி. செல்லக்கிளி என்னவோ சொல்கிறாள், கோல் மறுபடியும் டொக் என்கிறது. முப்பத்தாறில் நீண்ட நிறுத்தம், இவள் மூச்சும் அங்கேயே நின்றது. நாற்பது, நாற்பத்தொன்று. போய்க் கையைப் பிடிக்கலாமா? வராதே என்றாரே. ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நாலு. வாசலில் மஞ்சள் ஜெர்சி தொப்பலாக நனைந்து நின்றது. கோலின் பிடியில் ஜமால் பாய் ஒரு டீ பார்சலைக் கட்டிவிட்டிருந்தார், அது ஆடிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்த்தாள், கோபமா, ஒன்றும் தெரியவில்லை, வாதம் வந்த முகத்தில் பாதிதான் பேசும். அவர் வந்து நாற்காலியில் சரிந்து உட்காரும் வரை பொறுக்காமல், "பிரிசி அப்பா, நான் ஒண்ணு எழுதிட்டேன், எழுதியிருக்கக் கூடாது, அன்னிக்கி ஆஸ்பத்திரியில..." என்று ஆரம்பித்து, அதற்கு மேல் வாய் வரவில்லை. இப்போது பேச்சு போனது இவளுக்கு. சாலமோன் கையைக் காட்டி நிறுத்தினார். கால்சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார், பகலில் தனியாக இருக்கிறாரே என்று பிரிசி வாங்கிக் கொடுத்த போன், கூப்பிட்டால் எடுப்பதற்கு மட்டும் என்று இவள் நினைத்திருந்த போன். இடது கட்டைவிரலால் தள்ளினார், தள்ளினார், எங்கேயும் தேடாமல், வீட்டுச் சாவியை ஆணியிலிருந்து எடுக்கிற மாதிரி போய் ஒரு இடத்தில் நிறுத்தி, அவள் பக்கம் திருப்பினார். ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அவளுடைய எழுத்து. கீழே கட்டைவிரல் கறுப்பாக நிரம்பியிருந்தது.

"நீங்களா?" என்றாள். அவர் தலையை ஆட்டினார். "எல்லாமுமா?" அதற்கும் ஆட்டினார். அவள் ஷூ கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்து எழுதுகிறாள், இங்கே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதாக அவள் நினைத்த மனுஷன், லட்சம் கொடிகளுக்கு நடுவில் அந்த ஒரு தமிழ் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். "இதுக்குமா?" என்றாள். சாலமோன் வார்த்தையைத் தேடினார். வழக்கமாக எடுத்துக் கொடுப்பாள், இன்று எடுத்துக் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. "நானும்" என்றார். அப்புறம் ஒரு மூச்சு. "அன்னிக்கி... அதான்... நெனச்சேன்." அவள் பூண்டு நாறும் கையோடு அவருடைய வலது முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். குழாயடியில் நின்ற இரண்டு பேரும் ஒரே நினைப்பைத்தான் நினைத்திருக்கிறார்கள், ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல். அவளுடையதைப் படித்தபின் ராத்திரி முழுக்க விழித்திருந்து, காலையில் விரலை வைத்துவிட்டு, அப்புறம்தான் பந்து கேட்டிருக்கிறார். முழங்கால் அவள் கன்னத்துக்கு அடியில் லேசாக நடுங்கிற்று, ஐம்பத்து நாலு படி ஏறின நடுக்கம். "டீக்கடையில இன்னா சொன்னாங்க?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். ரெஃப்ரியைச் சொல்கிற அந்தக் கெட்ட வார்த்தை சுத்தமாக வந்தது, இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"எழுது" என்றார்.

"இன்னான்னு?"

"அம்பத்தி... நாலு." கோலைத் தட்டிக் காட்டினார். "ஏறி... வந்தான்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அய்யா, டீக்கடைக்கு ஒண்டியா போனார், அம்பத்தி நாலு படி ஏறி வந்துட்டார், உங்க காலுக்கு எங்க வணக்கம் என்று எழுதி, இன்றைய வீடியோவுக்குக் கீழே அனுப்பினாள். எதிரில் சாலமோன் தன் போனைத் தள்ளித் தள்ளித் தேடினார், ஆயிரம் கொடிகள் போயின. அவள் டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்து, எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தாள். கண்டுபிடித்துவிட்டார். இடது கட்டைவிரலை ஓங்கி வைத்தார்.

"இந்தா" என்றார்.